டீ கேனுக்கும் வேர்த்தது

கீழே வருகிற கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். எங்காவது நம்ப முடியாமல் இருந்தால் அது நடந்ததன் குற்றம், சொல்வதன் குற்றம் அல்ல. இது நடந்தது இன்றிலிருந்து முப்பத்தோராவது வருஷம், சித்திரை மாதம், திருப்பூரில். இன்னும் நடக்காத ஒன்றுக்கு எப்படிச் சத்தியம் செய்வது என்று கேட்கிறவர்கள், நடந்து முடிந்த விஷயங்களுக்கு ஊரில் எத்தனை பேர் பொய்ச்சத்தியம் செய்கிறார்கள் என்று முதலில் எண்ணிவிட்டு வரட்டும்.

அந்த வருஷத்து வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் அது ஊசிக்குப் போய்ச் சேருவதற்குள் தாளிக்கிற வாசம் வந்தது. சாயப்பட்டறை வீதியில் தார் இளகி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் ஒன்று நாலு விரற்கடை உள்ளே இறங்கிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் கடப்பாரை போட்டு எடுத்தார்கள். நடுப்பகலில் பல்லிகள் சுவரை விட்டு இறங்கி, ஃபிரிட்ஜ் விற்கிற கடைக்குள் வரிசையாகப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிகளில் ஃபேனை நிறுத்தச் சொல்லித் தொழிலாளர்களே கேட்டார்கள். அது அனலை அள்ளி முகத்தில் அடித்தது.

ஒப்பிலாமணி நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியின் முதலாளி கவின்பிரசாத்துக்கு ஒரு விஷயம் மட்டும் மனப்பாடம். ஷெட்டுக்குள் ஒரு டிகிரி கூடினால் நூறு பீஸில் மூன்று குறையும். முழு ஷெட்டையும் குளிர வைக்கலாம் என்றால் பகலில் அவ்வளவு கரண்ட் கிடையாது. ஆகவே பீளமேட்டிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். அவர் பெயர் ஆதவ். சூரியனுடைய பெயரை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறாரே என்று யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் விளக்கம் சொன்ன அன்று மிதுனாவும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள். எதற்காக நிற்கச் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"வெக்கை வேற, வெக்கையா இருக்குதுங்கற நெனப்பு வேறைங்க," என்றார் ஆதவ். "உடம்பு சுடறதுனால மட்டும் கை நிக்கறதில்ல. சுடுதுன்னு தலைக்குத் தெரியுது பாருங்க, அதனாலதான் நிக்குது. அந்தச் சேதிய நடுவுலயே புடிச்சுட்டா கை பாட்டுக்கு ஓடும்."

"புடிச்சு எங்க போடுவீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"அதானுங்க தொல்லை. மொதல்ல சேதிய அப்படியே அழிச்சுப் பாத்தோம். அழிச்சா, வேர்க்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போட ஆளில்லாமப் போகுது. ரெண்டு பேரு வேர்க்காமயே..." அவர் தன் கையை மேசைமேல் படுக்கவைத்துக் காட்டினார். "அதனால சேதி எப்படியும் ஒரு தலைக்குப் போய்ச் சேந்தாகணும். பிடரியில ஒரு பட்டை ஒட்டிருவோம். லைன்ல முப்பத்திரண்டு பேரு, முப்பத்திரண்டு பட்டை. எல்லாச் சேதியும் ஒரே ஒரு ஆளோட தொப்பிக்குப் போகும். அந்தத் தலை வேர்க்கச் சொல்லும், உத்தரவு திரும்பி லைனுக்கு வரும். உணர்றது ஒருத்தர், வேர்க்கறது முப்பத்திரண்டு பேர்."

"அந்த ஒருத்தரு பொழப்பாரா?"

"ஏசி ரூம்ல உக்காந்துக்கலாமுங்க. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. எரியும். அவ்வளவுதான்."

எல்லோரும் திரும்பி மிதுனாவைப் பார்த்தார்கள்.

மிதுனாவுக்கு நாற்பத்தொரு வயது. அதே லைனில் பதினாறு வருஷம் ஃப்ளாட்லாக் தையல் மெஷின் ஓட்டியவள். இரண்டு கோடைக்கு முன் மெஷின்மேலேயே கவிழ்ந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கிட்னி இரண்டிலும் பாதி பாதிதான் மிச்சம் என்றார்கள். வெயிலில் தண்ணி வற்றி வற்றி வந்த வினை. "இன்னொரு கோடை அந்த ஷெட்டுல உக்காந்தீங்கன்னா, அடுத்த கோடைக்கு என்கிட்ட வர வேண்டிய வேலை இருக்காதும்மா," என்று டாக்டர் மரியாதையாகவே சொன்னார். ஆகவே 'எரியும், அவ்வளவுதான்' என்ற வார்த்தை அவள் காதில் நல்ல செய்தியாக விழுந்தது. அவள் சரி என்றாள்.

லைனின் ஓரத்தில் கண்ணாடி ரூம் ஒன்று கட்டினார்கள். உள்ளே நாற்காலி, சூப்பர்வைசர் திறந்தால்தான் கழற்ற முடிகிற பூட்டுத் தொப்பி, ஒரு சிவப்பு பட்டன், சுவரில் கடிகாரம். லைனில் யாருக்காவது உயிருக்கு ஆபத்தாகச் சூடேறினால் அது தொப்பி போட்டவளுக்குத்தான் தெரியும், அவர்களுக்கே தெரியாது. அப்போது பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் மெஷின்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும்; அத்தனை பேரும் இருபது நிமிஷம் ஷவருக்கு அடியில் போய் நிற்க வேண்டும். அன்றைய டார்கெட் அதோடு போச்சு. ஒரு மாதத்தில் மூன்று தடவை அமுக்கினால் ஆளை மாற்றிவிடுவார்கள். இந்தக் கடைசி விதியை எஞ்சினியர் வைக்கவில்லை. முதலாளி வைத்தார்.

முதல் வாரத்திலேயே பீஸ் கூடியது. வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. லைனில் உட்கார்ந்தவர்கள் ஊட்டியில் இருப்பதுபோல இருக்கிறது என்றார்கள். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், ஆனால் முகத்தில் தென்றல் வாங்குகிற சுகம். ஒருத்தர் மத்தியானம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்.

கண்ணாடி ரூமுக்குள் மிதுனா கம்பளி போர்த்தியிருந்தாள். ஏசி இருபத்திரண்டில் ஓடியது. தோல் குளிரில் புல்லரித்துப் பல் கிட்டித்துக்கொள்ளும். உள்ளே முப்பத்திரண்டு அடுப்பு எரியும். ஒவ்வொருவரும் அவளுக்கு ஓர் இடத்தில் வந்தார்கள். ஓரம் அடிக்கிற ஓவர்லாக்காரர் ஒருவர் இடது பாதத்தில். செக்கிங் பெண்கள் இருவர் விலாவில், பக்கம் பக்கமாக. சூப்பர்வைசர் தர்ணீஷ் நெற்றிப்பொட்டில். இடது காறை எலும்புக்குப் பின்னால், கை போய்த் தடவ முடியாத இடத்தில் வந்தவள் சஷ்டிகா.

லைனிலேயே வேகமான கை சஷ்டிகாவுடையது. மிதுனா ஃப்ளாட்லாக்கில் இருந்த காலத்தில், அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "இந்தம்மா தைக்கற வேகத்துக்கு லைன் மொத்தமும் பாய விரிச்சுப் படுத்துக்கலாம். ஒண்ணு இவளை மாத்துங்க, இல்லீன்னா என்னை விட்ருங்க," என்று சொன்னவளும் அவள்தான். டார்கெட் ஆளுக்கு இல்லை, லைனுக்கு. மெதுவான கை ஒன்று இருந்தால் முப்பத்தொரு பேருக்கும் நஷ்டம். ஆகவே அன்று யாரும் மிதுனாவுக்காக வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் ஏசியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாக நாள் முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. வாய்கள் தாமாகவே திறந்தன.

"மகராணி கம்பளி போத்திட்டுக் குந்தியிருக்கறதப் பாரு."

"நம்ம வேர்வைலதான அவளுக்குக் குளிர் அடிக்குது."

கண்ணாடிக்குள் சத்தம் கேட்காது. ஆனாலும் பதினாறு வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவளுக்குக் காது எதற்கு.

சித்திரை நாலாம் தேதி, பதினோரு மணிக்கு மேல், காறை எலும்புக்குப் பின்னால் திடீரென்று ஏறியது. மனுஷருக்கு ஏறுகிற அளவு இல்லை. கொதிக்கிற தண்ணியைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. மிதுனா அலறிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். மெஷின்கள் பூட்டிக்கொண்டன. எல்லோரும் ஷவருக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்ட சஷ்டிகாவுக்கு ஒன்றும் இல்லை. நனைந்த தலையோடு வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

"என்னாத்துக்கு அமுக்குன?"

"உனக்கு எரிஞ்சுது."

"எனக்கு எரியலைன்னு நானே சொல்றேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாதுங்கறதுக்குத்தான என்னை இங்க உக்கார வெச்சிருக்குது."

"உக்கார வெச்சது உக்காரறதுக்கு. அமுக்கறதுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு சஷ்டிகா போனாள்.

ஒன்பதாம் தேதி மறுபடியும் அதே நேரம், அதே இடம், அதே கொதி. மிதுனா நாலு நிமிஷம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு அமுக்கினாள். இந்தத் தடவை சஷ்டிகாவை ஷெட்டில் காணவில்லை. பின்பக்கமிருந்து நிதானமாக வந்தாள். பாத்ரூமுக்குப் போயிருந்தாளாம். இருபது நிமிஷமும் ஷவரில் நின்ற முப்பத்தொரு பேரும் தண்ணி சொட்டச் சொட்டக் கண்ணாடியைச் சுற்றி நின்று உள்ளே பார்த்தார்கள். ஓவர்லாக்காரர் மட்டும் கண்ணாடிமேல் காறித் துப்பினார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தர்ணீஷ் தொப்பியின் பூட்டைத் திறந்துவிட்டதும், மிதுனா கை கழுவப் போகிற வழியில் டீ மேசையைப் பார்த்தாள். மேசைமேல் ஸ்டீல் கேன் இருந்தது. அதன் முதுகில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. பதினேழாம் நம்பர். சஷ்டிகாவுடையது. கேன் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது.

ஸ்டீலுக்கு ஏது வேர்வை என்று கேட்கலாம். வேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தால் பட்டை எதில் ஒட்டியிருக்கிறதோ அது வேர்த்தாக வேண்டும். பட்டைக்கு ஆள், கேன் என்ற பேதம் தெரியாது. அது தண்ணிதான், ஆவி பட்டு வந்தது என்று வாதாடியவர்களுக்காக டீ மாஸ்டர் நக்கிப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்று சாட்சி சொன்னார்.

விஷயம் இதுதான். பட்டை சூடாக இருக்கும்வரை ஆள் வேலையில் இருப்பதாக மெஷின் பதிந்துகொள்ளும். ஆறினால் ஆள் இல்லை, ஷிஃப்ட் போச்சு. ஒருத்தருக்காக இன்னொருத்தர் அட்டை பஞ்ச் பண்ணிப் பழகிய ஊரில் இதற்கு வழி கண்டுபிடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. சஷ்டிகா ஒரு மணி நேரத்துப் பீஸை முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். பட்டையைப் பிய்த்து, சூடாக எது கிடைக்கிறதோ அதில், கேன் நிறைந்திருந்தால் கேனில், ஒட்டிவிட்டு, பாத்ரூம் பின்னாலிருக்கிற சுவரேறிக் குதித்துப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய், அங்கே இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மணி நேரத்துப் பீஸ் தைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்த ஆள் திருப்பூரில் அவள் ஒருத்திதான். பக்கத்துக் கம்பெனியிலும் லைனில் முதல் கை அவளே என்று இரண்டு சூப்பர்வைசர்களும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்திருந்தவள் முன்னால் போய் மிதுனா நின்றாள்.

"உன்ற டீ கேனுக்கு நான் எதுக்குடீ வேகோணும்?"

சஷ்டிகா தயிர்சோற்றை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "உனக்குச் சம்பளமே வேகறதுக்குத்தான. ஆளு வெந்தா என்ன, கேனு வெந்தா என்ன."

"ரெண்டு தடவ அமுக்கியாச்சு. இன்னொண்ணு அமுக்குனா என்னை வெளிய போட்டுருவாங்க."

"அப்ப அமுக்காத."

"நெசமாலுமே ஆருக்காச்சும் ஆச்சுன்னா? எது ஆளு எது கேனுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"அது உன்ற சாமர்த்தியம். ஃப்ளாட்லாக்ல இருந்தப்பவும் துணி எது விரலு எதுன்னு உனக்குத் தெரியாம சேத்துத் தெச்சவதான நீ."

சுற்றி இருந்தவர்கள் சோற்றைத் துப்பாமல் சிரிக்கச் சிரமப்பட்டார்கள். மிதுனா தன் இடது ஆட்காட்டி விரலை மடக்கிக்கொண்டாள்.

"என்ற புள்ள நார்வேல படிக்குது," என்றாள் சஷ்டிகா, கொஞ்சம் தணிந்து. தணிந்தது இரக்கத்தால் அல்ல, பெருமையால். "வருஷம் பூரா ஜில்லுனு இருக்குதாமா. அது இந்த ஊருக்குத் திரும்பி வரக்கூடாது. அதுக்கு எனக்கு ரெண்டு கம்பெனி வேணும். உனக்கு என்ன வேணும், அந்தக் கம்பளியா?"

"எனக்கு உசுரு வேணும்."

"எல்லாத்துக்கும் அதேதான்," என்று டப்பாவை மூடினாள் அவள்.

மிதுனா தர்ணீஷிடம் போய்ச் சொன்னாள். அவனுக்கு இருபத்தேழு வயது. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் சொல்லும்போது வேறு எங்கேயாவது பார்ப்பான்.

"தெரியுமுங்கக்கா. எல்லாத்துக்கும் தெரியும். ரெண்டு ஆளு பீஸ ஒருத்தரே தெச்சுக் குடுக்கறாங்க. அதப் போயி நான் எதுக்குக் கெடுத்துக்கோணும்?"

"அப்ப நான் அமுக்குனது ரெண்டும்?"

"அமுக்குனது அமுக்குனதுதானுங்க."

மிதுனா மேலே போய்ச் சொன்னது லைனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் எட்டுப் பேர் பட்டையைப் பிய்த்துக் கொண்டுபோய் நீராவி இஸ்திரிப் பெட்டிகளில் ஒட்டினார்கள். மூன்றாவது தடவை அமுக்க வைத்து அவளைத் துரத்த வேண்டும்; அடுத்து வருகிற ஆளாவது பட்டனைத் தொடாத ஆளாக இருக்கட்டும். அதுதான் யோசனை. அன்று எட்டுப் பேர் இஸ்திரிப் பெட்டியாகவே இருந்தார்கள். பாதம், விலா, முழங்கை, நாக்கின் நுனி எல்லாவற்றிலும் நீராவி. மிதுனா கம்பளியின் ஒரு முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள். அவர்கள் வேலை செய்துகொண்டே அவளைப் பார்த்தார்கள். சஷ்டிகா ஒரு தடவை வாயைக் குவித்து ஊதிக் காட்டினாள், சூடாக இருந்தால் ஊதிக்கொள் என்கிற மாதிரி.

மிதுனா அமுக்கவில்லை. மறுநாளும் அமுக்கவில்லை. மூன்றாம் நாள் இஸ்திரிப் பெட்டிகளுக்கே வேர்த்து ஊற்ற ஆரம்பித்து, கப்பலுக்குப் போக வேண்டிய நூற்றிருபது வெள்ளைப் பனியனில் திட்டுத் திட்டாக உப்புக் கறை விழுந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் தொப்பியைக் கழற்றியபோது அவள் பற்களில் ரத்தமும் கம்பளி நூலும் இருந்தன. ஆனாலும் வெளியே வரும்போது லைன் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தாள். பதினாறு வருஷத்தில் அவள் அந்த லைனில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

இருபத்தொன்றாம் தேதி ஐம்பது டிகிரி.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். காறை எலும்புக்குப் பின்னால் மெதுவாக ஏற ஆரம்பித்தது. மிதுனா அலட்டிக்கொள்ளவில்லை. டீ கேன் என்று நினைத்தாள். பிறகு, கேன் பதினோரு மணிக்கும் ஐந்து மணிக்கும்தான் நிறையும், மூன்று மணிக்குக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள் என்று ஞாபகம் வந்தது. சரி, இஸ்திரிப் பெட்டி என்று நினைத்தாள். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆடாது, அசையாது, சுவர்மாதிரி நிற்கும். இது படபடத்தது. நாலு துடித்து ஒன்று விட்டது. மறுபடி நாலு துடித்து இரண்டு விட்டது.

தலை வேர்க்கச் சொன்னது. உத்தரவு போனது. போன இடத்தில் யாரும் அதை வாங்கவில்லை. டீ கேன் வாங்கியது, இஸ்திரிப் பெட்டி வாங்கியது; இது வாங்கவில்லை. உடம்பில் வேர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இது ஆள்.

மிதுனா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்றாவது மெஷினில் சஷ்டிகா தைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சட்டையெல்லாம் நனைந்திருக்க, அவள் ஜாக்கெட் மட்டும் காய்ந்திருந்தது. முகம் செங்கல் நிறம். காலையிலிருந்து ஏழு தடவை சுவரேறிக் குதித்திருந்தாள், ஒரு வாய் தண்ணி குடிக்கவில்லை; அங்கே குடிக்க நேரமில்லை, இங்கே வெக்கை தெரியாதவளுக்குத் தாகம் எங்கிருந்து தெரியும். கை ஓடிய வேகத்தில் ஊசியே தெரியவில்லை. முகத்தில் தென்றல் படுகிற சுகம்.

மிதுனா கண்ணாடியைத் தட்டினாள். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணி குடி என்று காட்டினாள். சஷ்டிகா நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் வாயைக் குவித்து ஊதிக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். பக்கத்து மெஷின்காரி சிரித்தாள்.

மிதுனா கையை எடுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு. அமுக்கினால் மூன்றாவது. மூன்றாவதென்றால் வெளியே, ஷெட்டுக்குள், பாதிக் கிட்னியோடு, இந்தக் கோடை முழுக்க. அமுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. டீ கேன் என்று நினைத்தேன் என்று சொல்லலாம்; சொன்னால் இந்த லைனில் ஒருத்தர்கூட இல்லை என்று சொல்ல முடியாது. அவர்களே செய்துகொடுத்த சாட்சி அது. மூன்று பதினாலு. துணி எது விரல் எது. மூன்று பதினாறு. நார்வேயில் ஜில்லென்று இருக்கிறதாம். துடிப்பு இரண்டு வந்து மூன்று விட்டது. மூன்று பதினெட்டு. அவள் செத்துப்போனால் இந்த இடத்தில் வேறு ஆள் வரும், அந்த ஆளும் தன்னை வெறுக்கும், அதற்கும் பழகிக்கொள்ளலாம். மூன்று பத்தொன்பது.

மூன்று பத்தொன்பதுக்கு அமுக்கினாள்.

ஏன் அமுக்கினாள் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரக்கம் என்று சொன்னால் அது பொய், இந்தக் கதையில் பொய்க்கு இடமில்லை. காறை எலும்புக்குப் பின்னால் திடீரென்று ஆற ஆரம்பித்தது. அந்த இடம் ஆறுவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் பூட்டியதும் எல்லோரும் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். சஷ்டிகா எழவில்லை. ஓடாத மெஷினில் துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள், பிறகு சாய்ந்தாள். தொட்டுத் தூக்கியவன் கையை உதறினான். ஷவருக்கு அடியில் போட்டார்கள், ஐஸ்காரரிடமிருந்து ஒரு பார் வாங்கி வந்து மேலே உடைத்துப் போட்டார்கள், பிறகு ஆஸ்பத்திரி.

அவள் பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் கம்பெனிக்கு வந்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்கள். கை ஆடிய ஆட்டத்தில் நூல் ஊசியைச் சுற்றியே வந்தது, உள்ளே போகவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கை பழையபடி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகத் தர்ணீஷ் சொன்னான்.

முதலாளி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மிதுனா, உன்னாலதான் ஒரு உசுரு பொழச்சுது. அத நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார்.

"அப்ப அது தப்பா அமுக்குனதுல வராதுங்களே."

"சிஸ்டத்துல சரியா அமுக்குனது, தப்பா அமுக்குனதுன்னு ரெண்டு கட்டம் இல்லம்மிணி. அமுக்குனதுன்னு ஒரே கட்டம்தான். மூணு ஆயிப்போச்சு. நாளையிலிருந்து நீ சஷ்டிகாவோட மெஷின்ல உக்காந்துக்கோ. சஷ்டிகாவுக்கு இனிக் கை ஓடாது. ஆனா எரிஞ்சா தெரியுமல்ல? அவ கண்ணாடி ரூம்ல இருந்துக்கட்டும்."

"ஏனுங், எனக்குக் கிட்னி பாதிதானுங்க இருக்குது."

"உனக்குந்தான் பட்டை ஒட்டுவாங்களே. வெக்கையே தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க. கிட்னிக்குத் தெரியும்."

முதலாளி உண்மையாகவே யோசித்தார். "கிட்னிக்கு ஒட்டற பட்டை இன்னும் வரல," என்றார்.

மறுநாள் காலை மிதுனாவின் பிடரியில் பதினேழாம் நம்பர் பட்டையை ஒட்டினார்கள். ஒட்டிய கணம் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது. உடம்பு காலியாகிவிட்டது. பாதத்தில் யாரும் இல்லை, விலாவில் யாரும் இல்லை. முகத்தில் தென்றல் வந்து மோதியது. வாழ்நாளில் அவள் போகாத ஊட்டி, இவ்வளவு நாளும் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. அவளை மீறிக் கண் கலங்கியது. பக்கத்து மெஷின்காரி பார்த்துவிட்டு, "என்ன மகராணி, இந்தப் பக்கமும் சொகமாத்தான் இருக்குதா?" என்றாள்.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சஷ்டிகா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. உதட்டில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. டப்பாவைத் திறக்கவில்லை, கை ஆடுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று மடியில் வைத்திருந்தாள்.

"நீ எனக்கு வலது முட்டிக்கு உள்ள வர்ற," என்றாள்.

மிதுனா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு பேரும் தனித்தனியாத் தெரியறாங்க. நேத்து ஓவர்லாக் அண்ணன் பட்டையக் கழட்டி டீ கேன்ல ஒட்டுனாரு. வந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு, அது ஆளில்லைன்னு. ஆளு எது கேனு எதுன்னு குழம்பறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

"பழகுனாத் தெரியும்."

"நாலு நாள்ல எனக்குப் பழகிருச்சு. நீ மூணு வாரமா இருந்த." சஷ்டிகா குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு எனக்கு எத்தன நிமிஷம் காத்திருந்த?"

சுற்றிலும் டப்பாக்கள் மூடுகிற சத்தம். தர்ணீஷ் கைதட்டி எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தான். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைப் பார்த்தபோது இத்தனை பேரில் இவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும் என்று மிதுனாவுக்குத் தோன்றியது.

"ஏழு."

சஷ்டிகா தலையை ஆட்டினாள். ஒரு பதிலுக்கு எவ்வளவு ஆட்ட வேண்டுமோ அவ்வளவுதான்.

"செரி," என்றாள். எழுந்து நின்றாள். "புது ஆளுன்னு கணக்க மறுபடி மொதல்லயிருந்து ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா அமுக்கறதுக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவள் கண்ணாடி ரூமுக்குள் போய், தொப்பியைப் போட்டுக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. வெளியே ஐம்பத்தொன்று. மிதுனாவுக்கு நல்ல குளுகுளுவென்று காற்று வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு பீஸ் முடிந்து அடுத்ததை எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். சஷ்டிகாவின் இரண்டு கைகளும் கம்பளிக்குள் இருந்தன. கண் சுவர்க் கடிகாரத்தின்மேல் இருந்தது.

அந்த வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றுகூட இல்லை. கடைசிக் கம்பெனி அதற்கு ஆறு வருஷம் முன்பே, வெயில் தாளாமல், பூட்டிவிட்டுப் போயிருந்தது. இதற்கும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம்.